போர்க்களத்துக்கு ஒரு ஒத்திகை

அத்தியாயம் ஒன்பது

புதுப் பயணம் எதுவானாலும், வெளியாட்களை ஏற்றுவதற்கு முன்னால் வீட்டார் மட்டும் காலி பஸ்ஸில் ஏறி ஒருமுறை போய்வருவது சுற்றுலா பஸ் நடத்தும் அந்தக் குடும்பத்தின் வழக்கம். சும்மா போய் வருவதில்லை. ஆளுக்கொரு வேடம் உண்டு. ஒருவர் மூட்டுவலிக்காரர். ஒருவர் எதைக் காட்டினாலும் நம்பாதவர். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று இறங்கி அரை மணி கழித்து வருகிறவர் ஒருவர். வீடு திரும்பும்வரை யாரும் வேடத்தைக் கலைக்கக் கூடாது.

"நம்ம வாய்க்குத் தாங்காத பயணம் ஊர் வாய்க்குத் தாங்குமா?" என்பார் முதலாளியம்மா. அவர் வாய்க்குத் தாங்காமல் ஓர் அருவிப் பயணமும் இரண்டு தீவுப் பயணங்களும் ஏற்கெனவே மூட்டை கட்டப்பட்டிருந்தன.

இன்றைக்குப் பரீட்சைக்கு வந்திருப்பது பழைய போர்க்களங்கள்.

யோசனை இளைய மருமகளுடையது. கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். அதற்காகவே மாமியாரான முதலாளியம்மா அவளை 'டீச்சர்' என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று அவளால் இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வாசகர் வட்டச் செயலாளர் அலுவலகத்துக்கே வந்து, "எங்க ஆளுங்க நாப்பது பேரும் ரெடி. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா வேற கம்பெனி பாத்துக்கறோம்" என்று கெடு வைத்துவிட்டுப் போனது போன வாரம் வந்த கதை. அவர் படியிறங்கியதும் முதலாளியம்மா மருமகளுக்கும் ஒரு கெடு வைத்தார்.

"தேறுச்சுன்னா இனிமே புதுப் பயணமெல்லாம் உன் பொறுப்பு. தேறலைன்னா பழையபடி டிக்கெட் மேசையில போய் உக்காரு. அப்புறம் புதுசு புதுசா வாயைத் திறக்கக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

பஸ் ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது மருமகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளீனர் சீட்டில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மைக்கைத் தட்டிப் பார்த்தாள். பேச வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டினாள். பாதியில் மறந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"என்ன டீச்சர், கிளாஸ் ஆரம்பிக்கலையா? காசு குடுத்து வந்திருக்கோம்ல?" மூன்றாவது வரிசை ஜன்னலோரத்திலிருந்து முதலாளியம்மாவின் குரல். மூட்டுவலிக்கார அம்மாள் வேடம் அவருக்கு. கால்களை எதிர் சீட்டின் கம்பியில் நீட்டி வைத்திருந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் அவருக்குப் பின்னால் இருந்த மாமா, முதலாளியம்மாவின் கணவர். "போர் நடந்ததுன்னு சொல்றீங்க. யாரு பாத்தா?"

மாமா நம்பாதவர். இந்த வேடத்துக்கு அவர் தனியாக நடிக்க வேண்டியதே இல்லை. ஒரு காலத்தில் இந்த பஸ்ஸை ஓட்டியவர் அவர்தான். இடுப்பு ஆபரேஷனோடு ஸ்டீயரிங் ஆசை முடிந்துபோனது. மூத்த மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். வெளியாளை ஸ்டீயரிங்கில் உட்கார வைப்பதில்லை என்பது முதலாளியம்மாவின் சட்டம். ஆக, வண்டிக்கு மிச்சம் இருப்பது சின்னவன் ஒருவன்தான். மருமகளின் கணவன்.

அவனுக்கும் இன்று ஏதோ அவசரம். வண்டியை எடுக்கும்போதே, "பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும்" என்றான். முதல் சிக்னலில் அதையே மறுபடி சொன்னான்.

"ஏங்க, இன்னும் ஊரையே தாண்டல," என்றாள் மருமகள்.

"அதான் சொல்றேன். அங்கங்க நின்னு கதை சொல்லிட்டிருக்காத."

அவளுக்குச் சுருக்கென்றது. நீங்கள்கூடவா என்று கேட்க நினைத்து, மைக் ஒயரைச் சுற்றத் தொடங்கினாள்.

முதல் களம் ஒரு பெரிய புல்வெளி. கிழக்கே நீளமாக ஒரு மேடு. மேட்டுப் பக்கம் புதிதாகப் போட்ட வண்டி நிறுத்தமும் தகவல் பலகையும் இருந்தன. அங்கேதான் நிறுத்த வேண்டும் என்று அவள் நான்கு முறை சொல்லியிருந்தாள். சின்னவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி ஓட்டுகிறவன் கண் நிழலைத்தான் தேடும். மேற்கு ஓரத்தில் ஒற்றைப் பெரிய மரம் ஒன்றைப் பார்த்தான், அதன் அடியில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டான்.

"பலகை அந்தப் பக்கம் இருக்குங்க!"

"பலகையைப் பாக்கவா வந்தோம்? வண்டி சூடானா உள்ள நீயா உக்காரப் போற?"

இறங்கினார்கள். அவள் மனப்பாடம் செய்ததைத் தொடங்கினாள். சின்ன ராஜ்யம் ஒன்று இருந்தது, பெரிய படை ஒன்று அதன்மேல் வந்தது, மூன்று நாள் போர் நடந்தது, முதல் நாள் காலை எதிரிகள் கிழக்கிலிருந்து தாக்கினார்கள். அவள் குரல் அவளுக்கே பாடப்புத்தகம் போலக் கேட்டது.

முதலாளியம்மா இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தார். "டீச்சர், இங்க என்ன இருக்கு?"

"புல்வெளி அத்தை. இங்கதான்..."

"அங்க?"

"அதுவும்... புல்வெளிதான்."

"இந்தப் புல்லுக்கும் அந்தப் புல்லுக்கும் நடுவுல நாப்பது பேரை நிறுத்தி வெச்சு நீ என்ன பண்ணுவ? எங்க வீட்டுப் பின்பக்கம் இதைவிட நல்லா வளர்ந்திருக்கு. அதுக்கு டிக்கெட் போட்டுடலாமா?"

இது வேடமா, நிஜமா? மருமகளுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதில் தப்பென்ன? போர் முடிந்த இடத்தில் என்ன மிஞ்சும்? அவள் பார்த்ததெல்லாம் வரைபடங்களும் அம்புக்குறிகளும்தான். அவை எதுவும் இந்தப் புல்லில் இல்லை.

"இங்க பாத்ரூம்கூட இல்லை," என்று முணுமுணுத்தபடி மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். மேட்டைத் தாண்டி மறைந்தார்.

அவர் போன கையோடு மேகம் விலகியது. மேட்டுக்கு மேலே நின்ற வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"அடப் போ! யாரு இங்க கொண்டாந்து நிறுத்தச் சொன்னது? கண்ணே தெரியல," என்றார் முதலாளியம்மா. நெற்றியில் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கினார். "டீச்சர், அங்க யாரோ வர்றாங்க பாரு."

அவளும் பார்த்தாள். மேட்டின் மேல் ஏதோ அசைந்தது. ஆளா, மரக்கிளையா? ஒரே வெளிச்சம். அதற்குள் ஒரு கறுப்பு.

"ஒருத்தரா, ரெண்டு பேரா?" முதலாளியம்மாவின் குரல் மாறியிருந்தது. மூட்டுவலிக்கார அம்மாள் காணாமல் போயிருந்தார். "யாரு? யாருய்யா அது? நில்லு அங்கயே!"

கறுப்பு நிற்கவில்லை. சரிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கி நேரே அவர்களை நோக்கி வந்தது. முதலாளியம்மா தன்னையறியாமல் பின்வாங்கி மருமகளின் கையைப் பிடித்தார்.

"நான்தான்," என்றார் மாமா, கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகு. "வேற யாரு உன்னைத் தேடி வரப்போறாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் மேட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தை," என்றாள். "அன்னைக்கு இந்த இடத்துல நின்னவங்களும் இதைத்தான் கேட்டிருப்பாங்க. யாரு அதுன்னு."

முதலாளியம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்தவங்க ராத்திரி முழுக்க அந்த மேட்டுக்குப் பின்னாடி படுத்திருந்தாங்க. வெயில் ஏறட்டும்னு. இங்க நின்னவங்களுக்கு முகம் தெரியறதுக்குள்ள..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை. 'எதிரிகள் கிழக்கிலிருந்து தாக்கினார்கள்' என்ற வரியை எத்தனை வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்பாள்? கிழக்கு என்றால் என்ன என்பது இப்போதுதான் கண்ணில் உறைத்தது.

"படுபாவிங்க," என்றார் முதலாளியம்மா மெல்ல. "வெயிலையே ஆயுதமாக்கிட்டாங்க." இன்னும் அவள் கையை விடவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் அவரே ஆரம்பித்தார். "பலகைப் பக்கம் போகவே கூடாது. இந்த மரத்தடியில இதே நேரத்துக்கு இறக்கணும். நடக்க முடிஞ்சவர் ஒருத்தரை மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பி வரச் சொல்லணும்."

"என்னையா?" என்றார் மாமா.

"பாத்ரூம் இல்லைன்னு புலம்பிக்கிட்டே போனீங்க பாருங்க, அந்த முகத்தோடதான் போகணும்."

மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய்க் கணவனின் தோளில் தட்டி, "நீங்க நிழல்ல நிறுத்துனதாலதான்!" என்றாள்.

அவன் சிரித்தான். ஆனால் கண் வெளியே வானத்தைப் பார்த்தது. "சரி, சரி. உக்காரு. நேரமாகுது."

இரண்டாவது களம் மலைக்கு அந்தப் பக்கம், ஓர் ஆற்றுத்துறை. வளைந்து வளைந்து ஏறி இறங்கும் பாதை. சின்னவன் அதைப் பகல் வெளிச்சத்தில் பூப்போல ஓட்டினான். மாமாகூட இரண்டு இடத்தில் "ம்" கொட்டினார்.

போய்ச் சேரும்போது உச்சி வெயில். ஆற்றில் முழங்கால் தண்ணீர். யாரோ லாரியை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார்கள், ரேடியோ அலறியது. மருமகள் சொன்னாள்: தோற்றுப்போய் மலையைத் தாண்டி வந்தவர்கள் இந்தக் கரையில் அசந்து தூங்கினார்கள், விடிவதற்கு முன் இருட்டில் எதிரிகள் சத்தமில்லாமல் தண்ணீரைக் கடந்து வந்தார்கள்.

முதலாளியம்மா லாரியைப் பார்த்தார். "வரல," என்றார்.

"என்ன அத்தை வரல?"

"காலையில வந்துச்சே, அது இங்க வரல. இருட்டுல நடந்ததை மத்தியானம் ரேடியோ பாட்டோட காட்டுனா எப்படி வரும்?" வேடத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு இப்போது அவர் முழு முதலாளியாகி இருந்தார். "விடியறதுக்கு முன்னாடி இங்க இருக்கணும். லைட் எதுவும் போடக் கூடாது. எல்லாரும் பேசாம உக்காந்து தண்ணிச் சத்தத்தை மட்டும் கேக்கணும். எப்படி?"

அவள் எதிர்பார்த்ததற்கு மேல். "அத்தை!" என்றாள்.

"இந்தப் பக்கம் நாப்பது பேர் தங்க இடம் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் தங்க வெச்சு, இருட்டோட கிளப்பி, மலையைத் தாண்டிடலாம். என்னடா சின்னவனே?"

சின்னவன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருட்டுலயா? இந்த மலையா? அதெல்லாம் சரிப்படாதும்மா."

"ஏன் சரிப்படாது? உங்கப்பா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுன பாதை."

"ரெண்டு கண்ணும் மூடுனதில்லை," என்றார் மாமா. "ஒண்ணு திறந்துதான் இருக்கும்."

"வயசானவங்க. இருட்டுல எழுப்புனா திட்டுவாங்க. பனி இருக்கும். மாடு குறுக்க வரும்." சின்னவன் அடுக்கிக்கொண்டே போனான். ஒரு காரணம் போதாதென்று இன்னொன்று, அதற்கு மேல் ஒன்று.

மருமகள் அவனை லாரிக்கு மறைவாகத் தள்ளிக்கொண்டு போனாள். "என்ன ஆச்சு உங்களுக்கு? உங்கம்மாவே சரின்னுட்டாங்க. நீங்க எதுக்குக் குறுக்க கட்டை போடறீங்க?"

"நான் கட்டை போடல."

"இதுல தேறலைன்னா நான் ஆயுசுக்கும் டிக்கெட் மேசைதான். அது உங்களுக்குத் தெரியும்ல?"

"நீ உன் போரைப் பாரு. வண்டியை நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு நடந்தான். போகிற வழியில் மறுபடி வானத்தைப் பார்த்தான்.

பொறாமை என்று நினைத்தாள் அவள். இல்லையென்றால் பயம், மனைவி தலைக்கு மேல் போய்விடுவாள் என்று. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. ஆனாலும் வேறு என்ன நினைப்பது?

மூன்றாவது களம் கோட்டை மேடு. திரும்பும் வழியில், மலையின் பாதியில் பிரிகிற கிளைப்பாதை. சின்னவன் அதைத் தாண்டி வண்டியை விட்டான்.

"டேய்! கோட்டை! கோட்டை போயிடுச்சு!" முதலாளியம்மா சீட்டைத் தட்டினார்.

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா."

"வேலையத்துப் போயா வந்திருக்கோம்? உனக்கு என்னடா இன்னைக்கு? வீட்ல ஏதாவது குழந்தை அழுதுக்கிட்டு இருக்கா?"

வண்டி இன்னும் வேகம் எடுத்தது. ஆனால் அவன் அவசரத்துக்கு மலை அசையவில்லை. அடுத்த வளைவில் சாலை வேலை. ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள், மறு பக்கம் மணிக்கணக்கில் நகராத வரிசை. சின்னவன் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டான், இறங்கிப் போய்க் கெஞ்சினான், திரும்பி வந்து உட்கார்ந்தான். கொடி பச்சைக்கு மாறும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

பின்னால் மாமா குறட்டை விட்டார். முதலாளியம்மா நாற்பது பேருக்குப் போர்வை, பிளாஸ்க் என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தார். மருமகள் கிளீனர் சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவனோடு பேசுவதில்லை என்று முடிவு.

வண்டி மெதுவானது. மேலும் மெதுவானது. கண்ணாடிக்கு நெருக்கமாகச் சாய்ந்திருந்தான் அவன். ஹெட்லைட் எரிந்தது. எதிரே வந்த கார் ஒன்று வெளிச்சம் அடித்துவிட்டுக் கடந்தது. அவன் பிரேக்கை அழுத்தி அப்படியே நின்றுவிட்டான்.

"ஏய்," என்றான். மூச்சுக்காற்று மாதிரி ஒரு குரல். "ஓரத்து வெள்ளைக் கோடு எங்க இருக்கு?"

விளையாடுகிறானா என்று திரும்பினாள். கோடு பளிச்சென்று முன்னால் கிடந்தது. "இதோ இருக்கே."

"எனக்குத் தெரியல."

"என்னது?" அவள் குரல் உயர்ந்தது.

"கத்தாத. அம்மாவுக்குக் கேக்கும்," என்றான். "கொஞ்ச நாளாவே இப்படித்தான். பகல்ல ஒண்ணும் இல்ல. பொழுது சாஞ்சா எல்லாம் சாம்பல் கரைச்ச மாதிரி ஆகிடுது. எதுக்க வெளிச்சம் வந்தா அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

"டாக்டர்கிட்ட..."

"போய்? 'ஓட்டாதே'ன்னு எழுதிக் குடுப்பார். வேற யாரு இருக்கா ஓட்ட?"

"நிறுத்திடலாம்ங்க. இங்கயே நிறுத்திடலாம்."

"வளைவுல நிறுத்துனா பின்னால வர்றவன் வந்து ஏறிடுவான். கீழ இறங்குனா தெருவிளக்கு இருக்கும், சமாளிச்சுடுவேன். நீ சொல்லு. நான் ஓட்டறேன்."

அவள் சொன்னாள். இடது. நேர். நேர். இப்ப வலது, இன்னும் வலது. கோடு முடியுது, கல் இருக்கு. மெதுவா. எதுக்க லாரி. நில்லுங்க. போகட்டும். இப்ப போங்க. பின் சீட்டுக்குச் சத்தம் போகாமல், பாட்டு முணுமுணுப்பதைப் போல. ஜன்னலுக்கு வெளியே பள்ளம் இருந்தது. அதை அவள் பார்த்தாள், அவன் பார்க்கவில்லை. தன் முகத்தில் அது தெரிந்துவிடக் கூடாதே என்று நினைத்தாள். பிறகுதான் உறைத்தது, இந்த இருட்டில் தன் முகமும் அவனுக்குத் தெரியாது.

"என்ன அங்க குசுகுசுன்னு?" என்றார் முதலாளியம்மா. "சமாதானமாயிட்டீங்களா?"

"ஆமா அத்தை," என்றாள்.

கடைசி வளைவு முடிந்து ஊர் விளக்குகள் தெரிந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அம்மாகிட்ட சொல்லாத," என்றான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் விளக்கைப் போட்டு, கைப்பையை மேசையில் வைப்பதற்குள் போன் அடித்தது. செயலாளர். கெடு தவறாத மனுஷர். முதலாளியம்மா ரிசீவரை எடுத்து, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். முகத்தில் அப்படியொரு களை. மருமகளை அவர் அப்படிப் பார்த்து அவள் அறிந்ததில்லை.

"தேறிடுச்சு டீச்சர். என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒத்திகை பாத்ததில்லை." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "விடியறதுக்கு முன்னாடி ஆத்தங்கரையில இருக்கணும்னா வண்டியை எப்போ எடுப்ப? சொல்லு, சார்கிட்ட சொல்லிடறேன்."

சின்னவன் வாசற்படியில் நின்றான். சாவிக்கொத்து கையில் சுழன்றது.

"வேணாம் அத்தை," என்றாள் மருமகள்.

"என்ன வேணாம்?"

"இந்தப் பயணம். இது... இது சரிப்படாது. நான் சரியா யோசிக்கல."

"காலையில இருந்து தலையில தூக்கி வெச்சு ஆடுனியே? இப்ப என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. நான் டிக்கெட் மேசைக்கே போயிடறேன். சார்கிட்ட இல்லைன்னு சொல்லிடுங்க."

முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் களை முகத்தை விட்டு இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தபடி மகனைப் பார்த்தார். மகன் மனைவியைப் பார்த்தான். அவளோ தரையைப் பார்த்தாள். போனுக்குள் செயலாளர் "ஹலோ, ஹலோ" என்பது உள்ளங்கையைத் தாண்டிக் கேட்டது.

சாவிக்கொத்து நின்றது.

"மூணு மணிக்கு எடுத்துடறேன்மா," என்றான் சின்னவன். "அவ பயப்படறா. புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும். நீ சரின்னு சொல்லிடு."

"ஏங்க..."

"நான் ஓட்டறேன்னு சொல்றேன்ல?"

முதலாளியம்மாவின் கை ரிசீவரை விட்டு விலகியது.

"எழுதிக்குங்க சார், நாப்பது சீட்டும் உறுதி. ஆமா, மலைப்பாதைதான், இருட்டுலதான் போறோம்." அவர் மகனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "அதெல்லாம் உங்க ஆளுங்களுக்குக் கவலையே வேணாம்னு சொல்லுங்க. ஓட்டப்போறது எங்க சின்னவன்."